பேஸ் கிட்டாரும் வலது கை வளையல்களும்

புடவை வாங்க வருகிறவர்கள் முதலில் அதைக் கையில் தூக்கிப் பார்ப்பார்கள். கனமாக இருந்தால் முகம் சுருங்கும்; லேசாக இருந்தால் உடனே மடியில் போட்டுக்கொள்வார்கள். தி. நகரில் ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில், அப்பா வைத்துவிட்டுப் போன கடையில் உட்கார்ந்து இதையே பார்த்துப் பார்த்து எனக்கும் புத்தி அப்படியே ஆகிவிட்டது. இல்லாவிட்டால் பேஸ் கிட்டார் வாங்கப் போன இடத்தில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, இருப்பதிலேயே லேசானதை எடுத்துக்கொண்டு வந்திருப்பேனா?

கிட்டார் எனக்கில்லை, என் மனைவி தாரணிக்கு. சுப்பராயன் அண்ணனின் மெல்லிசைக் குழுவில் அவள் பேஸ் வாசிக்கிறாள். கல்யாண ரிசப்ஷன்களில் பார்த்திருப்பீர்கள், பார்த்திருக்கவும் மாட்டீர்கள். பாடகர்கள் முன்னால் நின்று கையை ஆட்டுவார்கள். பின்னால், டிரம்ஸ் பக்கத்தில் ஒருவர் நீள்கழுத்துக் கிட்டாரை வைத்துக்கொண்டு சும்மா நிற்பதுபோல நிற்பார். பாட்டுக்கு அடியில் நம் நெஞ்சுக்குள் ஒன்று நடந்துகொண்டே இருக்கிறதே, அது அவர் வேலை. இருக்கும்போது யாருக்கும் தெரியாது. நின்றுவிட்டால், சோற்றில் உப்பு போட மறந்த மாதிரி இருக்கும். நான் அப்படி ஒரு ரிசப்ஷனில் பந்திக்குப் போகாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றவன். சாப்பாடு போனது, கல்யாணம் ஆனது.

அவளுக்கு ஆறாம் மாதம் ஆனபோது பழைய கிட்டார் பகையாகிவிட்டது. தோளில் மாட்டினால் இடுப்பு விட்டுப்போனது. உட்கார்ந்து வாசித்தால் அதன் உடம்பு வயிற்றில் முட்டியது. அவள் வாய் திறக்கவில்லை. நான்தான் ஒரு மத்தியானம் அவளிடம் சொல்லாமல் மயிலாப்பூரில் ஒரு வாத்தியக் கடைக்குப் போனேன். கடையில் இருந்த தௌசீஃப் பொறுமைசாலி.

"வாசிக்கிறவங்களையே கூட்டினு வாங்க சார். மாட்டிப் பாத்துத்தான் எடுக்கணும்."

"நீங்க லேசானதா காட்டுங்க. கலரை நான் பாத்துக்கறேன்."

மயில்கழுத்து நிறத்தில் ஒன்று இருந்தது. குட்டைக் கழுத்து, சின்ன உடம்பு. ஒரு கையால் தூக்கினேன்; வந்துவிட்டது. பட்டுப்புடவை கிடைத்த மாதிரி அள்ளிக்கொண்டு வந்தேன்.

தாரணி சிரித்தாள், அழுதாள், மாட்டினாள். இடது கையை எடுத்தாள். உடனே கிட்டாரின் கழுத்து தொபுக்கென்று தரையைப் பார்த்துச் சாய்ந்தது.

"உடம்பு ரொம்ப லேசு, ராம். அதான் கழுத்து இழுக்குது. இனிமே இடது கை வாசிக்கவும் வாசிக்கணும், தூக்கிப் பிடிக்கவும் பிடிக்கணும். தூக்கிப் பாத்தியே, மாட்டிப் பாத்தியா?"

தோளில் போட்டுக் காட்டாமல் ஒரு புடவை விற்றதில்லை நான். எனக்கே என்மேல் எரிச்சலாக வந்தது. ஆனால் வயிற்றுக்கு அந்த அளவுதான் சரியாக இருந்தது, திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனமில்லை. கடையில் கிடந்த பவானி ஜமுக்காளத்தில் அகலமாக ஒரு பட்டை வெட்டி, டெய்லரிடம் கொடுத்து ஸ்ட்ராப் தைத்து வாங்கினேன். அந்தச் சொரசொரப்பு அவள் தோளைக் கவ்விப் பிடித்துக்கொண்டது, கழுத்து சாயவில்லை. ஒரு வாரத்துக்கு என் நடையே வேறாக இருந்தது.

இவ்வளவு பாடும் எதற்கென்றால், சுப்பராயன் அண்ணன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்: "வூட்ல ரெஸ்ட் எடும்மா. அப்பால பாத்துக்கலாம்." முன்பு ஒரு பாடகியிடமும் இதையேதான் சொன்னார். அந்தப் பெண்ணின் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. அண்ணனின் 'அப்பால' இன்னும் வரவில்லை. தாரணி விடவில்லை. ஒப்புக்கொண்ட மூன்று ரிசப்ஷன்களையும் குறையில்லாமல் வாசித்துக் கொடுக்கிறேன், கொடுத்தால் என் இடம் எனக்கு, நான் திரும்பி வரும்வரை, அவசரத்துக்கு மாற்றாக பேஸ் வாசிக்க வரும் ஸ்ரீநாத் வாசிக்கட்டும் என்று கேட்டாள். அண்ணன் தலையாட்டினார். இரண்டை முடித்தாள். மூன்றாவதற்கு முன்னால் வளைகாப்பு வந்தது.

நாள் குறித்தவர்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்தார்களே தவிர ரிசப்ஷன் தேதியைப் பார்க்கவில்லை. அவர்களைச் சொல்லி என்ன, மாட வீதியில் போய்க் கண்ணாடி வளையல்களைக் கை நிறைய அள்ளியது நான்தானே. பச்சை, சிவப்பு, அரக்கு என்று இரண்டு கையிலும் டஜன் கணக்கில் அடுக்கினார்கள். அந்தச் சத்தம் வயிற்றுப் பிள்ளைக்குக் கேட்க வேண்டுமாம். பிரசவம் வரை கழற்றக் கூடாது.

அன்றைக்கு எல்லாப் பெண்களும் அவளுக்கு வளையல் போட்டுவிட்டார்கள், என் அம்மா இசக்கியம்மாளைத் தவிர. அப்பா போனதிலிருந்து அம்மா கண்ணாடி வளையல் போடுவதில்லை. ஒரு தங்க வளையல் மட்டும் கிடக்கும். நான் அடுக்களைக்குள் போய், நீதான் அவளுக்கு முதலில் போட்டுவிட வேண்டும் என்று சண்டை பிடித்தேன். புளியோதரையைக் கிளறிக்கொண்டே, "நாளைக்கு ஒரு சின்னக் குறைன்னாலும் என் கையத்தாம்ல சொல்லுவாக. போ அங்கிட்டு" என்றார். தாயில்லாத தாரணிக்கு எண்ணெய் தேய்த்து, கால் அமுக்கி, எல்லாம் பார்ப்பது அந்தக் கைதான். நல்ல காரியத்தில் மட்டும் அது ஒளிந்துகொள்ள வேண்டும். யார் போட்ட சட்டமோ, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் தாரணி கிட்டாரை எடுத்தாள். இடது கை கழுத்தைப் பிடிக்க மேலே தூக்கியிருக்கும். அந்த வளையல்கள் முழங்கைக்குச் சரிந்து பேசாமல் இருந்தன. வலது கை கீழே தொங்கும். அத்தனை வளையலும் மணிக்கட்டுக்கு வந்து கம்பிமேல் விழுந்தன. டக், டக், டக். கர்ச்சீப்பால் இறுக்கிக் கட்டிப் பார்த்தாள். ஏற்கெனவே வீங்கியிருந்த கை இரண்டாவது பாட்டுக்குள் மரத்துப்போனது. கடைசியில் கம்பிக்கு அடியில் ஸ்பாஞ்ச் செருகி, கிட்டாரின் டோன் குமிழை முழுக்கக் குறைத்து, விரல்களை விட்டுக் கட்டைவிரலால் மட்டும் மெதுவாகத் தட்டினாள். கிட்டார் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் எங்கள் வீட்டு ஆம்ப் சின்னது. அலமாரித் தம்ளர்கள் அதிருகின்றன என்று அம்மா திட்டியதால் அதை ஒரு புடவைக் கட்டின்மேல் வேறு தூக்கி வைத்திருந்தோம். அதில் அந்த டக் கேட்கவில்லை.

"சரியாயிடுச்சு" என்றாள். நானும் நம்பினேன்.

கடைசி ரிசப்ஷன் தேனாம்பேட்டையில். மாப்பிள்ளை வீடு எங்கள் பூர்வீக ஊர்ப்பக்கத்து நகைக்கடைக்காரர்கள். அதனால் வளைகாப்புக்கு வந்த கூட்டம் முழுக்க அங்கேயும் இருந்தது. அம்மாவும் வந்தார். சாயங்காலம் சவுண்ட் பார்த்தார்கள். அந்த மண்டபத்து மேடையில் ஆம்பே கிடையாது; கிட்டார் ஒயர் நேராக மிக்ஸருக்குப் போய் ஆளுயர ஸ்பீக்கர்களில் வந்தது. எங்கள் வீட்டுச் சின்ன ஆம்ப் ஒளித்து வைத்ததையெல்லாம் அது போட்டு உடைத்தது. பாட்டு அமைதியாகும் இடமெல்லாம் யாரோ சோடா பாட்டிலைத் தட்டுவதுபோல டக், டக்.

மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்கு சுப்பராயன் அண்ணன் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. சொல்ல முடியாமல்தான் சொன்னார்.

"கோச்சுக்காதம்மா. இன்னா பண்ணாலும் கேட்டுகினே கீது. லைவ் வேற போவுது. ஸ்ரீநாத்துக்குப் போன் போட்டேன், வந்துகினு கீறான்."

"அண்ணே, இது மூணாவது" என்றாள் தாரணி.

"தெரியுதும்மா. நான் இன்னா பண்ணட்டும்?"

அவர் போய்விட்டார். தாரணி பிளாஸ்டிக் நாற்காலியில் கிட்டாரை மடியில் போட்டபடி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. கைக்கு வந்த வேலையை யாரோ பிடுங்கிக்கொண்டு போகிறார்கள், யாரையும் குறை சொல்லவும் முடியாது. அதற்கு எப்படி அழுவது? எனக்குத்தான் பொறுக்கவில்லை. அம்மா ஃபிளாஸ்க்கில் பாலோடு உள்ளே வந்ததும் கத்தினேன்.

"கழட்டச் சொல்லும்மா! ஒரு மணி நேரத்துல என்ன ஆயிடப் போவுது? அவ வேலையே போவுது இங்க!"

"ஏல, சத்தம் போடாத" என்றார் அம்மா. பாலைத் தாரணியிடம் கொடுத்துவிட்டு, பக்கத்தில் குனிந்தார். "இந்த ஒரு கைதான் இடைஞ்சலா தாயி?"

"ஆமா அத்தை. இடது கை ஒண்ணும் பண்ணல."

அம்மா அந்தக் கையிலிருந்த வளையல்களை ஒருமுறை மேலே தள்ளிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "சோப்பு எடுத்துட்டு வா" என்றார்.

நான் ஓடினேன். அம்மா தாரணியின் வலது கையைத் தன் மடியில் வைத்து, சோப்பு நுரையைத் தடவி, எலும்பை ஒடுக்கிப் பிடித்து முதல் வளையலை உருவினார். வீங்கிய கை, ஒன்று உடைந்தால்கூட அம்மாவை வெளியே நிற்கும் கூட்டம் சும்மா விடாது. உடையவில்லை. அதைக் கீழே வைக்கக் கூடாதென்று நான் கர்ச்சீப்பை விரித்து நீட்டினேன். அம்மா என் பக்கம் திரும்பவில்லை. அந்தப் பச்சை வளையலைத் தன் கையில் போட்டுக்கொண்டார்.

வைக்க இடமில்லாமல் போட்டிருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டாவதும் போனது. மூன்றாவதும் போனது. அப்புறம் நான் கர்ச்சீப்பை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

தாரணிக்கும் புரிந்துவிட்டது. "அத்தை, வெளியில எல்லாரும் இருக்காங்க" என்றாள்.

"இருக்கட்டும். புள்ளைக்குக் கேக்கணும்னுதான வளையல் போடுதோம். அது உன் கிட்டார் சத்தத்துக்குல்லா உதைக்குது. நான் எத்தன நாள் கைய வச்சுப் பாத்திருக்கேன்." கடைசி வளையலையும் உருவிப் போட்டுக்கொண்டு, முந்தானையால் தாரணியின் கையைத் துடைத்துவிட்டார். "எந்தி. போய் வாசி."

ஸ்ரீநாத் வந்து சேர்ந்தபோது தாரணி மேடையில் இருந்தாள். ஸ்பாஞ்சை எடுத்தாயிற்று, டோன் குமிழைத் திறந்தாயிற்று. சுப்பராயன் அண்ணன் வளையலில்லாத அவள் வலது கையைப் பார்த்தார், ஒன், டூ, த்ரீ என்று எண்ணிப் பாட்டைத் தொடங்கினார். கட்டைவிரலை விட்டு இரண்டு விரலால் அவள் கம்பிமேல் நடக்க ஆரம்பித்ததும் மண்டபமே நிமிர்ந்து உட்கார்ந்தது. பெருமையாகச் சொல்கிறேன், அன்றைக்கு அவள் வாசித்த மாதிரி எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

அம்மா முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். ஒளியவில்லை. கையை முந்தானைக்குள் மறைக்கவுமில்லை. பக்கத்தில் இருந்த காவேரி சித்தி, என் சித்தப்பாவின் மனைவி, பார்த்தார்; இன்னொரு முறை பார்த்தார். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் அந்த வரிசைக்கே கேட்கும்படி கேட்டார்.

"யக்கா, என்னது இது கையில?"

"என் மருமவ வளையலு. அவ வேலையா இருக்கா."

சித்தி வாயைத் திறந்தார். அதற்குள் அடுத்த பாட்டு ஆரம்பித்துவிட்டது. நல்ல பாட்டு, நீளமான பாட்டு.

முடிந்ததும் சுப்பராயன் அண்ணன் மேடையிலேயே ஸ்ரீநாத்தைக் கூப்பிட்டார். "பிரசவம் முடிஞ்சு அவ வர்ற வரைக்கும் நீ வாசி. வந்ததும் எந்திரிச்சுக்கணும், இன்னா?" ஸ்ரீநாத், "சரிண்ணே" என்றான். பிறகு தாரணியிடம் வந்து ஜமுக்காளப் பட்டையைத் தொட்டுப் பார்த்து, "அக்கா, இது எங்க வாங்கினீங்க?" என்று கேட்டான். ஜன்மத்தில் எந்த வியாபாரமும் எனக்கு இவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை.

காரில் பின்சீட்டில் அவர்கள் இருவரும் உட்கார்ந்தார்கள். கதவைச் சாத்தியதும் தாரணி வலது கையை நீட்டினாள்.

"போட்டு விடுங்க அத்தை. உங்க கையாலயே போடுங்க."

அம்மா தன் கையிலிருந்த முதல் வளையலைப் பிடித்துக் கழற்ற மணிக்கட்டுவரை கொண்டுவந்தார். அங்கேயே நிறுத்தினார்.

"வீட்டுக்குப் போய்ப் போட்டு விடுதேன் தாயி" என்றார். குரல் அம்மாவுடையது மாதிரியே இல்லை. "கொஞ்ச நேரம் கெடக்கட்டும்."

தாரணி கையை மடித்துக்கொண்டாள். தேனாம்பேட்டையிலிருந்து எங்கள் வீடு கூப்பிடு தூரம். நான் வண்டியை எதிர்ப்பக்கம் திருப்பி மயிலாப்பூர் வழியாக அடையாறுவரை ஓட்டினேன். எங்கே போகிறாய் என்று அம்மா கேட்கவே இல்லை.