வெண்டலின் நாற்காலிக்கு அடியில் ஒரு சிகரம்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆசிரியர் கேட்டது மலையுச்சி மர்மத் தொடர். "பனி, பாறை, கடைசி வரியில கயிறு அறுபடணும்" என்றார். நான் குடியிருப்பதோ அமெரிக்காவில், தட்டையான ஐயோவா மாநிலத்தில். இங்கே கயிறு அறுந்தால் ஆள் சோளக்காட்டில் நின்றுகொண்டிருப்பார், அவ்வளவுதான்.

கதையைக் கொடுத்தவர் என் பல் மருத்துவர். கடைவாய்ப் பல்லை அடைத்துக்கொண்டே டெல்மார் ஹாகனைப் பற்றிச் சொன்னார். என் வாயில் அவருடைய இரண்டு விரல்கள் இருந்ததால் குறுக்குக் கேள்வி கேட்க முடியவில்லை. விட்டுப்போன இடங்களை நானே அடைத்திருக்கிறேன்.

முதல் தொடக்கம் இது:

காற்று ஊளையிட்டது. டெல்மார் பனிக்கோடரியை இறுகப் பற்

வேண்டாம். அது ஜூலை மாதம். அவர் கையில் இருந்தது ஒரு டப்பா சினமன் ரோல், பட்டைத்தூள் போட்ட இனிப்புச் சுருள் ரொட்டி.

2

டெல்மாருக்கு எழுபத்தொரு வயது. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஐயோவாவில் தொண்ணூற்றொன்பது கவுண்ட்டிகள், நம் மாவட்டங்கள் மாதிரி. ஒவ்வொன்றிலும் ஆக உயரமான இடம் எதுவோ அங்கே போய்க் காலை ஊன்றிவிட்டு வருவது அவருடைய பைத்தியம். இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள்.*

தொண்ணூற்றெட்டு முடிந்துவிட்டது. பாக்கி ஒன்றே ஒன்று. நாளைக் காலை ஆறு மணிக்கு மகள் வண்டியோடு வந்து அவரை அரிசோனாவுக்குக் கூட்டிப்போகிறாள். வீடு விற்றாயிற்று. திரும்பி வரப்போவதில்லை. ஆக, இன்று சாயங்காலத்துக்குள் முடிந்தால் உண்டு.

(பார்த்தீர்களா, கெடு வைத்துவிட்டேன். பழக்க தோஷம்.)

* சிரிக்காதீர்கள். ஃப்ளோரிடா மாநிலத்தின் மிக உயர்ந்த குன்றைவிட மயாமி நகரத்துக் கட்டடங்கள் பல உயரம். எங்கள் ஐயோவாவின் உச்சியே ஒரு பண்ணையில், மாட்டுத் தீவனத் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஐயோவாவையும் மலைகள் நிறைந்த ஐடஹோ மாநிலத்தையும் குழப்பிக்கொள்கிறவர்கள் அங்கே மலை தேடி வந்து, தொட்டியைப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள்.

3

அந்தக் கடைசிச் சிகரம் ஒரு வீட்டுக்குள் இருந்தது.

விமானத்திலிருந்து லேசர் அடித்து மாநிலம் முழுவதையும் அளந்தபோது தெரியவந்த விஷயம். வெண்டல் குரோஸ் என்பவரின் பண்ணை வீடு. முன்னறை. டிவிக்கு எதிரே சாய்வு நாற்காலி. சரியாக அதற்கு அடியில். வீடு இருந்தால் தரைப்பலகைமேல் நின்றால் போதும் என்று இந்தக் கூட்டத்துக்குள் ஒரு சலுகை உண்டு. ஆனால் நாற்காலியில் வெண்டல் இருந்தார். முப்பது வருடமாக இருந்தார்.

வெண்டல் வாழ்க்கையில் எதிலும் முதலாவதாக வந்ததில்லை. பள்ளி மல்யுத்தத்தில் இரண்டாம் இடம். கண்காட்சியில் அவர் பன்றிக்கு மூன்றாம் இடம். ஒருநாள் கணினியில் பார்த்து யாரோ சொன்னார்கள், இந்தக் கவுண்ட்டியிலேயே உயரத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதர் அவர்தான் என்று. அன்றிலிருந்து சாப்பாடும் அங்கேதான்.

"முப்பது வருஷம் சும்மா உக்காந்திருந்தாரு. இப்பத்தான் அதுக்கு ஒரு காரணம் கிடைச்சிருக்கு" என்றாள் அவர் மனைவி ஆர்டித்.

4

[ஏன் டெல்மார் நேராகக் கேட்கவில்லை? கேட்பீர்கள் என்று தெரியும். ஆசிரியரும் கேட்டார். ஐயோவாக்காரர் எதையும் நேராகக் கேட்கமாட்டார். எதையும் நேராக மறுக்கவும் மாட்டார். இந்த இரண்டும் சந்தித்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கதை.]

இது நாலாவது வருகை. ஆர்டித் கதவைத் திறந்தாள்.

"வாங்க டெல்மார். காப்பி?"

"ஐயோ, வேண்டாம். உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"போட்டே வெச்சிட்டேன்."

"அப்படின்னா அரை கப்."

இங்கே அரை கப் என்றால் விளிம்பு தளும்பத் தளும்ப. டெல்மார் சோபா நுனியில் உட்கார்ந்தார். ஆறடி தூரத்தில் சிகரம். அதன்மேல் வெண்டல், மடியில் சில்லி என்கிற பீன்ஸ்-கறிக் குழம்புக் கிண்ணம்.

"நாற்காலி நல்ல வசதியா இருக்கும் போல" என்றார் டெல்மார்.

"மோசமில்ல."

"கால நீட்டிக்க இடமெல்லாம்…"

"அதுவும் மோசமில்ல."

"அப்பப்ப எழுந்து நடந்தா முட்டிக்கு நல்லதுன்னு சொல்றாங்க."

"யாரு சொல்றா?"

"டாக்டருங்கதான்."

"எந்த டாக்டரு? நம்ம ஊரு டாக்டரு உக்காந்துதான் இருக்காரு."

ஆர்டித் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "வெண்டல், கோழிக்குத் தண்ணி வெச்சியா?"

"வெச்சாச்சு."

"வெளியில ஏதோ சத்தம் கேக்குது, போய்ப் பாரேன்."

"இங்கேருந்தே தெரியுதே. உசரமான இடமாச்சே."

(இந்த இடத்தில் வெண்டலைக் கொன்றுவிடலாமா என்று எனக்கு ஒரு எண்ணம். காப்பியில் நாலு சொட்டு. இருபது வருடத் தொடர்கதைக் கை தானாகவே அங்கே போகிறது. 'ஆர்டித் அந்தச் சிறிய நீலக் குப்பியைத் திற' என்றுகூட எழுதிவிட்டேன். ஆர்டித் என்னைப் பார்த்த பார்வையில் குப்பியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.)

5

வேறு வழியில்லாமல் வானத்தைக் கூப்பிட்டேன்.

மேற்கே மேகம் பச்சையாகத் திரண்டது. ஊர்ச் சைரன் அலறியது. சூறாவளி!

வெண்டல் துள்ளி எழுந்து வாசலுக்கு ஓடினார்.

கவனியுங்கள். நாற்காலி காலி. அறையில் யாரும் இல்லை. ஆறடி. மூன்று எட்டு வைத்தால் தொண்ணூற்றொன்பது. இதைவிட நல்ல சந்தர்ப்பத்தை எந்தக் கதாசிரியனும் எந்தக் கதாபாத்திரத்துக்கும் கொடுத்ததில்லை.

டெல்மார் என்ன செய்தார் தெரியுமா? வெண்டல் பின்னாலேயே ஓடினார். சைரன் அடித்தால் இந்த ஊர் ஆண்கள் பதுங்கமாட்டார்கள். வராந்தாவில் கைகட்டி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். நான் எவ்வளவோ கத்தினேன். காதில் வாங்கவில்லை.

"வடக்கால போவுது" என்றார் வெண்டல்.

"வடகிழக்கால."

"அந்த வால் பகுதியப் பாரு, சுத்துது."

"இதவிடப் பெருசெல்லாம் பாத்திருக்கேன்."

"நானும்தான்."

"ரெண்டு பேருக்கும் மண்டையில ஏதாவது இருக்கா?" ஆர்டித் இருவரையும் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். "எறங்குங்க கீழ! பேஸ்மென்ட்டுக்கு! செத்துக் கித்துத் தொலைச்சீங்கன்னா சினமன் ரோல யாரு திம்பா?"

6

நிலவறை. துணி துவைக்கும் இயந்திரம், ஊறுகாய் ஜாடிகள், நீளமான ஃப்ரீசர். மூன்று பேரும் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். மேலே காற்று வீட்டை உலுக்கியது.

"பாவம், நாளைக்குக் கிளம்புற மனுஷன். இன்னிக்குப் போய் இப்படி மாட்டிக்கிட்டாரு" என்றாள் ஆர்டித்.

வெண்டல் திரும்பினார். "எங்க கிளம்புறாரு?"

"அரிசோனாவுக்கு. மகளோட. ஒரேயடியா. அவரு நிக்காத உச்சி நம்ம வீடு ஒண்ணுதான் பாக்கி."

"எங்கிட்ட யாரும் சொல்லலையே! யோவ், அப்ப நாலு தடவ வந்தது அந்த எடத்துல நிக்கவா? ஒரு வார்த்த கேட்டிருந்தா எழுந்திருக்கமாட்டேனா?"

"கேட்டா நல்லா இருக்காதேன்னுதான்…" என்றார் டெல்மார்.

"நான் வேற, நீ சினமன் ரோலுக்கு வந்தேன்னு நெனச்சேன்!"

"ரோலக் கொண்டுவந்ததே நான்தானே!"

வெண்டல் முகம் சிவந்துவிட்டது. ஃப்ரீசரைத் திறந்து மூடினார். "அடங்கட்டும். மேல போன கையோட நீ உக்கார்ற. ஆர்டித் படம் எடுக்கறா. நான் இதுவரைக்கும் யாரையும் உக்காரவெச்சதில்ல, தெரியுமா?"

டெல்மாருக்குக் கண் கலங்கியது. கூச்சத்தில் தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தார். உத்திரங்கள். பலகை. அதற்கு மேல் நாற்காலி. கீழே ஃப்ரீசர். நடுவில் வெறும் காற்று.

மண்ணே இல்லை.

"வெண்டல், இந்தப் பள்ளத்த எப்பத் தோண்டினாங்க?"

"தாத்தா காலத்துல. அப்ப ஆத்துப் பாலத்துக்கு மண்ணு கேட்டாங்களாம். வண்டி வண்டியா அள்ளிக் குடுத்தாரு. ஏன்?"

"சும்மாதான்."

ஆக, கவுண்ட்டியின் சிகரம் இப்போது அதன் ஆகப் பள்ளமான இடத்தில், பாலத்துக்கு அடியில் கிடக்கிறது.*

* லேசர் வீட்டைத் துளைத்துப் பார்ப்பதில்லை. கணினி வீட்டை அழித்துவிட்டு, அடியில் தரை இப்படித்தான் இருந்திருக்கும் என்று சுற்றுவட்டத்தை வைத்துத் தானாக நிரப்பிக்கொள்கிறது. (பல் மருத்துவரும் நானும் செய்த அதே வேலை.) இங்கே எல்லா வீட்டுக்கும் நிலவறை உண்டே, டெல்மாருக்கு இது முன்னாலேயே தோன்றியிருக்க வேண்டாமா என்று கேட்காதீர்கள். மூன்று வாரமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்கும் தோன்றவில்லை.

7

சூறாவளி பக்கத்துப் பண்ணையின் கோழிக்கூண்டுக் கூரையை எடுத்துக்கொண்டு போய்விட்டது. மேலே வந்தார்கள். வெண்டல் நாற்காலியின் மெத்தையைத் தட்டி, சுத்தமான துவாலை ஒன்றை விரித்தார்.

இப்போது டெல்மாரின் தலைக்குள் ஓடுவதைச் சொல்கிறேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டோமோ என்ற சந்தேகத்தில் நாலு மணிநேரம் திரும்பி ஓட்டிப்போய் இந்தப் பக்கம் நின்றுவிட்டு வந்த மனிதர் அவர். பலகைச் சலுகை அடியில் மண் இருந்தால்தான்; பள்ளத்துக்குச் செல்லாது. இந்த நாற்காலி பொய் என்றால், பட்டியலில் அடுத்த உயரம் லுத்தரன் தேவாலயக் கல்லறை மேடு. நாற்பது நிமிட ஓட்டம். வெளிச்சம் இன்னும் ஒரு மணிநேரம். இந்த ஊரில் விடைபெறுதல் சோபாவில் ஆரம்பித்து, கதவில் தொடர்ந்து, கார் ஜன்னலில் முடியும். அரை மணிக்குக் குறைந்து யாரும் தப்பியதில்லை.

முடிவு (அ): உண்மையைச் சொல்லிவிட்டு ஓடுகிறார். கல்லறை மேட்டில் தொண்ணூற்றொன்பது. பின்னால் வெண்டல், ஒரு பள்ளத்துக்கு மேல் உட்கார்ந்திருப்பவராக ஆகிவிடுகிறார்.

முடிவு (ஆ): உட்காருகிறார். சிரிக்கிறார். வெண்டலுக்குச் சிகரம் மிஞ்சுகிறது. டெல்மாருக்கு அரிசோனாவில் ஆயுசு முழுக்கத் தொண்ணூற்றெட்டு. அது அவருக்கு மட்டும் தெரியும்.

முடிவு (இ): ஆசிரியர் சொன்னது. பலகை உடைந்து டெல்மார் நாற்காலியோடு நிலவறைக்குள்

இல்லை. ஆர்டித் வீட்டில் அப்படி நடக்காது.

"என்னய்யா யோசனை? கூச்சப்படாத, உக்காரு" என்கிறார் வெண்டல். அவர் நின்றுகொண்டு, வேறொருவர் அந்த நாற்காலிக்கு முன்னால் இருப்பது இதுதான் முதல் தடவை. முகமெல்லாம் பல்.

டெல்மார் ஜன்னலைப் பார்க்கிறார். மேற்கில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருக்கிறது. முழங்கால் பாதி மடங்கியிருக்கிறது. உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை. வாய் லேசாகத் திறந்திருக்கிறது. சிரிக்கவா, சொல்லவா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆர்டித் போனைத் தூக்கிப் பிடிக்கிறாள். "இங்க பாருங்க டெல்மார். ஒண்ணு… ரெண்டு…"

நான் அவளுக்கு எழுதிக் கொடுத்தது அதுவரைதான். மூன்று சொல்ல வேண்டியது நீங்கள். சீக்கிரம் சொல்லுங்கள். அந்த வயதில் முழங்கால் அப்படியே ரொம்ப நேரம் தாங்காது.