லோகநாயகி துடைத்த புள்ளிகள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் கன்னத் தழும்பிலிருந்து பிறந்தது. இந்தப் புத்தகத்தின் பின்னட்டைக்கு ஒரு படம் கேட்டார்கள் என்று சிதம்பரத்தில் லோகநாயகியின் ஸ்டுடியோவுக்குப் போனேன். படத்தை வாங்கிப் பார்த்தால், ஏழாம் வகுப்பில் சைக்கிளிலிருந்து விழுந்து சம்பாதித்த தழும்பைக் காணோம்.

"கைப்பழக்கம் சார், அதுபாட்டுக்குத் தொடச்சிடுது" என்று சிரித்தவர், ஒரு பட்டாம்பூச்சியின் கதையைச் சொன்னார்.

2

தொடக்கம் ஒன்று: பிச்சாவரத்து அலையாத்திக் காட்டில் அந்திச் சூரியன் மெல்ல...

(வேண்டாம். அவர் போனது கிள்ளை ரோட்டோரம், காலை ஏழு மணிக்கு, ஸ்கூட்டியில்.)

தொடக்கம் இரண்டு: முகூர்த்தம் இல்லாத காலைகளில் லோகநாயகிக்குப் பூச்சிகளைப் படம் பிடிப்பதுதான் வேலை. எட்டு வருஷமாக* புழு, சிலந்தி ஒன்றையும் விட்டதில்லை. மணப்பெண்ணை அதட்டும் அதே உரிமையோடு வெட்டுக்கிளியிடமும் "ஆடாத இரும்மா" என்பார்.

இது பிடித்திருக்கிறது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

(* இது அவர் சொன்னது. கணவர் பழனிவேலைக் கேட்டால் பதினொன்று என்கிறார், பெருமூச்சோடு.)

3

ஆடி மாதம் ஒரு மஞ்சள் பட்டாம்பூச்சி சிக்கியது. படத்தைக் கொஞ்சம் பளிச்சென்று ஆக்கி, கல்லூரியில் விலங்கியல் நடத்தும் பிரிசில்லாவுக்கு அனுப்பினார். அரை மணியில் போன்.

"அக்கா, றெக்கையில ஒரு புள்ளிகூட இல்ல! நான் பாத்ததே இல்ல இப்பிடி. புதுசா இருந்தாலும் இருக்கும். சனிக்கெழம காலேஜுக்குப் பூச்சி ஆராயறவங்க எல்லாரும் வராங்க, நீங்கதான் பேசணும்."

இத்தனை வருஷத்தில் அவரை யாரும் பேசக் கூப்பிட்டதில்லை. தலைகால் புரியவில்லை. புதுப் புடவைக்கு அவசரமாக ஃபால்ஸ் தைக்கக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை, பெரிதாக பிரிண்ட் போடலாம் என்று கேமராவில் இருந்த படத்தைத் திறந்தார். றெக்கை முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். மணப்பெண் கன்னத்துப் பருவைத் துடைப்பதுபோல் அத்தனையையும் துடைத்து அனுப்பியிருக்கிறார்.

4

இங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பாரோ? எழுதிப் பார்த்தேன்: லோகநாயகி அந்தப் படத்தை அழித்துவிட்டு, புடவை சரசரக்க மேடையேறி...

ஓடவில்லை. வெட்டுக்கிளியோடு பேசுகிறவருக்கு இதெல்லாம் வராது.

இன்னொரு முடிவு: புள்ளியோடு இருந்ததுதான் உண்மையில் அபூர்வம்! (சினிமா. அடித்துவிட்டேன். ஊரில் எல்லா வேலியிலும் பறக்கிற பூச்சி அது.)

நடந்தது இதுதான். சனிக்கிழமை புதுப் புடவையில் போய், இரண்டு படங்களையும் அடுத்தடுத்துத் திரையில் போட்டார்.

"இது பூச்சி. இது நான் மேக்கப் போட்ட பூச்சி. புதுசெல்லாம் இல்லீங்க, தப்பு எம்மேலதான்."

முதலில் சிரித்தது பிரிசில்லா. "அக்கா, எங் கல்யாண ஆல்பத்துல என் மூக்கு மச்சத்த முழுங்குனதும் நீங்கதானா!"

கூடமே சிரித்தது. மற்ற படங்களையும் போடச் சொன்னார்கள். ஒன்றேகால் மணி நேரம் பேசினார். அதைச் சொல்லும்போது அவருக்கு இருந்த சந்தோஷம் எனக்கும் தொற்றிக்கொண்டது.

5

சொல்லி முடித்துவிட்டு என் படத்தைத் திறந்தார்.

"தழும்ப திரும்பக் கொண்டாந்துடறேன். ஆனா ஒண்ணு சார், இது இல்லாம நீங்க நல்லாத்தான் இருந்தீங்க. என்ன பண்ணட்டும்?"

மவுஸில் விரலை வைத்தபடி காத்திருந்தார். இவ்வளவு நேரம் அவர் நேர்மையை மெச்சிக்கொண்டிருந்த நான் கன்னத்தைத் தடவிக்கொண்டேன். கடைசியில் ஒன்று சொன்னேன். என்ன சொன்னேன் என்று எழுதமாட்டேன்.

புத்தகம் உங்கள் கையில்தானே இருக்கிறது? பின்னட்டையைத் திருப்பிப் பாருங்கள்.