நாற்காலியோடு கிளம்பிய கிராணி

தஞ்சோங் காராங் ஊரைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்து முச்சந்தியில் இரண்டே கடைகள். ஒன்றில் தனேஸ்வரி வடை சுட்டாள். பக்கத்துக் கடையில் ஹியூபர்ட் முடி வெட்டினார். அங்கே நிலம் கரிமண். வெயிலில் தீப்பிடித்தால் மண்ணுக்கடியிலேயே ஊர்ந்து, நினையாத இடத்தில் தலைகாட்டும். போன வறட்சியில் மூன்றாவது கடை, சைக்கிள் கடை, அப்படித்தான் போனது.

அன்றிலிருந்து தனேஸ்வரிக்கு ஒரே யோசனை. ஆள் தப்பினால் போதாது, பிழைப்பும் கூடவே தப்ப வேண்டும். அவள் விசில் ஊதியதும் அடுப்பும் மாவுச் சட்டியும் ஹியூபர்ட்டின் நாற்காலியும், செம்பனைக் குலை ஏற்றும் சோமுவின் லோரியில் ஏறிவிட வேண்டும். ஆபத்துக் காலத்தில் அரசாங்கம் ஜனங்களைத் தங்கவைக்கும் தஞ்சோங் காராங் மண்டபத்துக்கு நேரே போய்விட வேண்டும். கத்தரிக்கோல் போதாதா, நாற்காலி எதற்கு என்று சோமு கேட்டான். அந்த இரும்பு நாற்காலி இல்லாவிட்டால் தனக்குக் கை ஓடாது என்றார் ஹியூபர்ட்.

ஒரு சனிக்கிழமை காலை ஒத்திகை. விசில் ஊதியபோது நாற்காலியில் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி புவனேசன் இருந்தார். மாலையில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டுமென்று சவரத்துக்கு வந்தவர். ஒரு கன்னம் முடிந்திருந்தது. மறு கன்னத்தில் நுரை. இறங்கச் சொன்னார்கள்.

"பாதி மூஞ்சியோட நான் எங்கேயும் வரமாட்டேன். ஒத்திகைதானே லா, முடிச்சிட்டுப் போங்க."

"நெருப்பு உங்க தாடிக்காக நிக்குமா, கிராணி?" என்றாள் தனேஸ்வரி.

அவரை நாற்காலியோடு தூக்கி லோரியில் ஏற்றினார்கள். வெள்ளைத் துணி போர்த்தி, கைப்பிடியை இறுகப் பிடித்து, வயல்களுக்கு நடுவே புவனேசன் போனார். எதிரே வந்த மோட்டார்சைக்கிள்காரர் சாமி ஊர்வலம் என்று நினைத்து ஓரம் ஒதுங்கிக் கும்பிட்டார். புவனேசனும் பதிலுக்குக் கையைத் தூக்கி ஆசி கொடுத்தார்.

மண்டபத்து வாசலில் மறு கன்னம் முடிந்தது. திரும்பலாம் என்றபோது தீயணைக்கும் பொம்பாக்காரர்கள் சாலையை மறித்துவிட்டார்கள். காற்று மாறியிருந்தது, முச்சந்திக்குப் பின்னால் நிஜமாகவே புகை. தனேஸ்வரி வாசலிலேயே அடுப்பைப் பற்றவைத்தாள்.

மதியத்துக்குள் சுற்றுப்புற வீடுகளிலிருந்து ஜனங்கள் பையும் தலையணையுமாக வந்து சேர்ந்தார்கள். மலாய்ப் பெரியவர் ஒருவர் நேரே நாற்காலியில் உட்கார்ந்து, இந்தத் தடவை அரசாங்கம் முடி வெட்டக்கூட ஆள் போட்டிருக்கிறதே என்று மெச்சினார். ஹியூபர்ட் மறுக்கவில்லை. பின்னால் வரிசை நீண்டது. கிராணிக்குக் கல்யாணம் மறந்துபோனது. வடைக்கு ஒரு வரிசை, முடிக்கு ஒரு வரிசை என்று பிரித்து, முந்தப் பார்த்தவர்களை அதட்டிக்கொண்டிருந்தார். வடை வாங்க வந்த ஒருவருக்கு, அவர் அதட்டலில் வரிசை மாறிப்போய், மொட்டையே அடிக்கப்பட்டது.

மழை பெய்து தீ அடங்கியதும் திரும்பினார்கள். கொல்லை வாழைகள் கருகிக் கிடந்தன, கடைகள் நின்றிருந்தன. தனேஸ்வரி கடைப் பலகையைத் தொட்டுப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் எல்லாவற்றிலும் புகை நாற்றம். கடையிலேயே விட்டுப்போன பருப்பு மூட்டையில்கூட. கொட்ட மனமில்லாமல் அதையே ஊறவைத்து அரைத்துச் சுட்டாள்.

முதல் வடையைக் கடித்த லோரிக்காரர் ஒருவர் மென்றுகொண்டே நின்றார். தனேஸ்வரி அடுப்பையே பார்த்தாள்.

"என்னக்கா போட்டீங்க? புதுசா இருக்கே."

"மசாலா மாத்தியிருக்கேன்," என்றாள்.

அவர் இன்னும் பத்து கட்டச் சொன்னார்.