மறுதோளில் நான்கு விரல்கள்

மூன்றாவது விரலை அழித்து முடித்தபோது அம்மா பின்னால் வந்து நின்றாள். மகள் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அடுத்த அறையில் அப்பாவின் உடல் குளிர்பெட்டியில் இருந்தது. தலைமாட்டில் வைக்க ஒரு படம் வேண்டும். ஊரையெல்லாம் படம் எடுத்த மனிதருக்குத் தன் படமென்று உருப்படியாக இருந்தது இது ஒன்றுதான். கட்டம் போட்ட சட்டையில் வாய்விட்டுச் சிரிக்கிறார். பக்கத்தில் சித்தப்பா.

சித்தப்பாவை நீக்குவது சுலபமாக இருந்தது. படத்தின் ஓரத்தை உள்ளே இழுத்தால் ஆள் போய்விடுவார். ஆனால் அவர் அண்ணனின் முதுகைச் சுற்றிக் கை போட்டிருந்தார். மறுதோளில் நான்கு விரல்கள் தங்கிவிட்டன.

"வர்றவங்க யார் கைன்னு கேப்பாங்க," என்று அம்மா காலையிலேயே சொல்லிவிட்டாள். "ஒவ்வொருத்தருக்கும் நான் கதை சொல்லிட்டு இருக்கணுமா?"

கதை இதுதான். அப்பா புகைப்படச் சங்கத்தின் போட்டி நடுவர். போட்டி விதிப்படி படத்தில் வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், கறுப்பு வெள்ளையாக்கலாம், ஓரத்தை வெட்டலாம். தூசிப் புள்ளியைக்கூடத் துடைக்கலாம், ஏனென்றால் தூசி கேமராவுக்குள் இருந்தது, காட்சியில் இல்லை. காட்சியில் இருந்ததை மட்டும் எடுக்கக் கூடாது. இல்லாததைச் சேர்க்கவும் கூடாது. சித்தப்பா போட்டிக்கு அனுப்பிய கொக்குப் படத்தில் ஒரு மின்கம்பி காணாமல் போயிருந்தது. அப்பா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். வானத்தில் இல்லாத கம்பி, கீழே தண்ணீரில் பிம்பமாக நெளிந்துகொண்டிருந்தது. முதல் பரிசுக்குப் போக வேண்டிய படத்தை, கூடப்பிறந்த தம்பியின் படத்தை, எல்லார் முன்னாலும் போட்டியிலிருந்து விலக்கினார். அதன்பிறகு சித்தப்பா இந்த வீட்டுப் படி ஏறவில்லை. "கம்பியை எடுத்தான், அப்புறம் கம்பி நீட்டிட்டான்," என்பார் அப்பா. மற்றவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார்.

நான்காவது விரலும் போனது. அழிக்கும் கருவி மாயம் எதுவும் செய்வதில்லை. பக்கத்துத் துணியைக் கொஞ்சம் எடுத்துவந்து ஒட்டுப்போடுகிறது. கட்டங்கள் கோணலாகச் சேரும். ஒவ்வொரு கோடாக இழுத்து இணைக்க வேண்டும். கல்யாண ஆல்பங்கள் செய்து பிழைப்பவள் அவள்; இணைத்துவிட்டாள். பிறகு அப்பா செய்வதுபோலப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

விரல்கள் இல்லை. ஆனால் துணி அழுந்தியிருந்தது. இழுத்து அணைத்ததில் சட்டை கழுத்துவரை சுருங்கியிருந்தது. அப்பா ஆளே இல்லாத பக்கம் சாய்ந்து, காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவள் செய்ததையெல்லாம் ஒவ்வொரு படியாகத் திருப்பினாள். விரல்கள் ஒன்றொன்றாக வந்து தோளில் அமர்ந்தன.

"என்னடி, மறுபடி வருது?"

"எடுக்கக் கூடாதும்மா."

"இது என்ன போட்டியா?"

அம்மா குனிந்து திரையைப் பார்த்தாள். அப்பாவின் கண்ணுக்குக் கீழே இருட்டாக இருக்கிறதே, அதையாவது கொஞ்சம் வெளிச்சமாக்கலாமா என்று கேட்டாள்.

"அது செய்யலாம்."

சித்தப்பா மதியம் வந்தார். சங்கத்து ஆள் யாரோ சொல்லியிருக்க வேண்டும். வாசலில் பேச்சு நின்றுபோனது. பெட்டி அருகே சற்று நின்றுவிட்டு, தலைமாட்டுப் படத்தின் முன்னால் குனிந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்கு படுமளவுக்குக் கிட்டத்தில் போய்ப் பார்த்தார். அப்பாவும் இப்படித்தான் பார்ப்பார்.

"கையை விட்டுட்டியேம்மா."

"காட்சியில இருந்ததுதானே சித்தப்பா."

அவர் தலையாட்டினார். அவளுக்குத்தான் மனசு கேட்கவில்லை. "உங்களைத்தான் வெட்டிட்டேன்."

"ஓரம்தானே. வெட்டலாம்." கண்ணாடியை இறக்கிக்கொண்டார். "அண்ணன் ஒத்துக்குவாரு."

அறையில் உட்கார இடமில்லை. அவர் சுவரோரம் போய் நின்றார். அம்மா அவரைப் பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலியில் இடம் பிடித்திருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துத் தன் காலடியில் வைத்துக்கொண்டாள்.