தினம் பதினெட்டு கிலோமீட்டர்

இன்ஜின் சுட்டது.

பாண்டிமீனா வெடுக்கென்று விரலை இழுத்துக்கொண்டாள். எதிரே நின்ற லட்சுமிநாராயணனைப் பார்த்தாள்.

"வண்டி எத்தன நாளா நிக்கிதுன்னு சொன்னீங்க, சார்?"

"ரெண்டு வருசம்மா. நான் இடுப்பு முறிஞ்சு படுத்தேன் பாரு, அதோட சரி. யாரும் தொடல."

எழுபது வயது. வெள்ளை பனியன், வேட்டி, விரல்களில் லேசான நடுக்கம். பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை. ஆனால் ரெண்டு வருடம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த வண்டி காலை ஏழு மணிக்கு எப்படிச் சுடும்?

திருநகரில், வீட்டை ஒட்டிய தகர ஷெட்டில் நின்றது அந்தக் கறுப்பு வண்டி. நூறு சிசி, டூ ஸ்ட்ரோக். டேங்கில் மட்டும் ஒரு கீறல்.

பாண்டிமீனாவுக்கு உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தில் வேலை. வருகிற பாலைச் சோதித்து, தண்ணீர் கலந்த கேனைத் திருப்பி அனுப்ப வேண்டும். வரும் திங்கட்கிழமை முதல் அவளுக்குப் பதவி உயர்வு. ஊர் ஊராகப் போய்ச் சோதிக்க வேண்டும். ஒரே நிபந்தனை, சொந்த வண்டி. திங்கள் விடியற்காலை வண்டியோடு வந்து நிற்காவிட்டால் அந்த வேலை கூட வேலை பார்க்கும் காளைக்குப் போய்விடும். அவனிடம் வண்டி இருந்தது.

கண்மாய்க் கரையில் சரிந்தாலும் தனியாளாகத் தூக்கி நிறுத்துகிற எடை. வழியில் நின்றுபோனால் பிளக் ஸ்பேனரை எடுத்துத் தானே பார்த்துக்கொள்கிற இன்ஜின். அதனால்தான் டூ ஸ்ட்ரோக் என்று முடிவு செய்திருந்தாள். ஐந்து வண்டி பார்த்தாயிற்று, ஐந்தும் ஓட்டை. இன்று வியாழன்.

துணைக்கு வந்த மெக்கானிக் மருது கிக்கரை மிதித்தான். ஒரே மிதி. வண்டி படபடவென்று பிடித்துக்கொண்டது. அணைத்துவிட்டு, பிளக்கைக் கழற்றிப் பார்த்தான். நுனி காப்பிப்பொடி நிறத்தில் இருந்தது.

"ஆயில் கலந்தது அளவுன்னா அளவு, தங்கச்சி. தங்கமான இன்ஜின்." பிறகு அவள் காதோரம் குனிந்தான். "ஆனா நாம வர்றதுக்கு முன்னாடி சூடு பண்ணி வச்சிருக்காய்ங்க. குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதுன்னா இப்பிடித்தேன் ஏமாத்துவாய்ங்க. நீ பேசாம ஒரு ஸ்கூட்டி எடு."

"ஒங்களுக்கு ஒரு சேலை எடுத்துத் தாரேன், கட்டிக்கிட்டு நீங்க ஓட்டுங்கண்ணே."

மருது பிளக்கைத் திருப்பி மாட்டினான்.

அப்போதுதான் காப்பித் தட்டோடு வந்தாள் லட்சுமிநாராயணனின் மனைவி ஹம்சவேணி. அறுபதை நெருங்கும் வயது, ஒல்லி உடம்பு. கணவனிடம் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் ஏதோ கேட்டாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். உடனே அவள் தமிழுக்கு மாறினாள்.

"இந்த வண்டி வேணாம்மா. பிரேக் பிடிக்காது. கிக்கர் திருப்பி அடிக்கும், காலு போயிடும். பொம்பளப் பிள்ளைக்கு ஒத்தே வராது."

"நீ சும்மா இரு" என்றார் அவர்.

பாண்டிமீனா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். விற்கிறவர் வண்டியை ஏற்றிப் பேசுவது உலக வழக்கம். அதே வீட்டம்மா இறக்கிப் பேசுவாளா? சேர்ந்து ஏமாற்றுகிற குடும்பம் என்றால் இப்படிப் பேசாது.

ஷெட் சுவரில் ஒரு பலகை. அதன்மேல் இருமல் மருந்து ஊற்றிக் குடிக்கும் சின்ன பிளாஸ்டிக் கப். பக்கத்தில் ஒரு விளக்குமாற்றுக் குச்சி. அதில் வரிசையாகப் பிளேடால் கீறிய கோடுகள். கப்பை எடுத்து முகர்ந்தாள். மருந்து வாசனை இல்லை.

"நாளைக்கு வந்து முடிவு சொல்றேன், சார்."

திருமங்கலம் பஸ்ஸில் உட்கார்ந்ததும் செல்போனை எடுத்தாள். பெங்களூரில் இருக்கும் லட்சுமிநாராயணனின் மகன் சாய்பிரசாத், ஒன்பது நாளுக்கு முன் வந்து படம் எடுத்துப் போட்டிருந்த விளம்பரம் அது. மீட்டர் படத்தைப் பெரிதாக்கினாள். 38,140. இன்று அவள் பார்த்தது 38,302.

"மருதண்ணே, நின்ன எடத்துல சூடு பண்ணுனா மீட்டர் ஓடுமா?"

"சக்கரம் சுத்தாம எப்பிடி ஓடும்?"

"ஒம்பது நாள்ல நூத்தி அறுபத்திரெண்டு ஓடியிருக்கு. தினம் பதினெட்டு. கூடல, குறையல. யாரோ ஒரே எடத்துக்குத் தினம் போயிட்டு வாராக."

மருது ஜன்னல் பக்கம் நகர்ந்தான். "ஆத்தாடி... திருட்டுக் கேஸா இருக்கப்போகுது. எனக்கு ரெண்டு பிள்ளைக இருக்கு, தங்கச்சி."

மறுநாள் அவள் முதல் பஸ்ஸில் தனியாகவே போனாள்.

மணி ஆறேகால். கேட் திறந்திருந்தது. ஷெட்டுக்குள் நீலத் தார்ப்பாய் வண்டி உருவத்தில் குந்தியிருந்தது. அவள் ஒரு முனையைத் தூக்கினாள்.

உள்ளே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு தண்ணீர் டிரம். வண்டி இல்லை.

"மூடிரும்மா. அவ வர்ற நேரம்."

திடுக்கிட்டுத் திரும்பினாள். பின்னால் லட்சுமிநாராயணன். கையில் அந்த மருந்து கப்.

"யாரு... அம்மாவா?"

"நான் படுக்கையிலிருந்து எந்திரிச்சுக் கம்பூன்றி நடக்க ஆரம்பிச்சப்ப, மருந்து வாங்கணும்னு ஒருநாள் எடுத்தா. தெருமுனைக் கடைப் பையன் யார்ட்டயோ கத்துக்கிட்டா போல. அன்னையிலிருந்து தினம் திருமங்கலம் நாலுவழி ரோட்டுப் பக்கம் போறா. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சிட்டிருக்கா."

"சொல்ல வேண்டியதுதான சார்?"

"கல்யாணமான புதுசுல ஓட்டிப் பழகணும்னு கேட்டா. சிரிச்சுட்டேன். தெருவே கேக்குற மாதிரி." அவர் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்ப நான் சொன்னா என்னைக் கேட்டுட்டுப் போவா. கேட்டுப் போறது வேற, கேக்காம போறது வேற இல்லையா?"

பாண்டிமீனாவின் பார்வை பலகையில் இருந்த குச்சிக்குப் போனது. பால் கேனில் அளவு பார்க்க அவளும் குச்சிதான் விடுவாள்.

"ஆயில் நீங்கதான் ஊத்துறீங்க."

"அவளுக்கு பெட்ரோல் போடத்தான் தெரியும். இதுல ஆயில் கலக்கணும்னே தெரியாது. குச்சிய விட்டுப் பாத்து, ஏறின அளவுக்கு ஊத்தி, வண்டிய நாலு ஆட்டு ஆட்டி வச்சிருவேன். ரெண்டு வருசமா நடக்குது. போன மாசம் கண் ஆபரேஷன்னு நாலு நாள் ஆஸ்பத்திரியில இருந்தேன். இவ ரெண்டு தடவை பெட்ரோல் போட்டு ஓட்டியிருக்கா. ஒரு சொட்டு ஆயில் இல்ல. நல்ல வேகத்துல இன்ஜின் இறுகிப் பின் சக்கரம் பூட்டிக்கிச்சுன்னா..." அவர் முடிக்கவில்லை. "அதான் விக்கிறேன். எடுத்துட்டுப் போயிடும்மா. அவகிட்ட சொல்லிடாத."

தெருமுனையில் படபடச் சத்தம் கேட்டு, சட்டென்று நின்றது.

"அங்கேயே அணைச்சிருவா" என்றவர், இடுப்பு முறிந்தவர் என்று சொல்ல முடியாத வேகத்தில் வீட்டுக்குள் ஓடினார். "நான் தூங்குறேன்!"

வண்டி சத்தமில்லாமல் உருண்டு உள்ளே வந்தது. சேலைக்குமேல் ஆண்பிள்ளை முழுக்கைச் சட்டை, தலையில் ஹெல்மெட். தெருவில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் ஐயா வாக்கிங் போகாமல் வண்டியில் போகிறார் என்றே நினைத்திருப்பார்கள்.

ஹெல்மெட்டைக் கழற்றிய ஹம்சவேணி பாண்டிமீனாவைக் கண்டு அப்படியே நின்றாள். பிறகு கேட் பக்கம், வீட்டுப் பக்கம் பார்த்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர்கிட்ட சொல்லிடாதம்மா. உனக்கு ஊர்ல வேற வண்டியா கிடைக்காது? எனக்கு இது ஒண்ணுதான்."

பாண்டிமீனா வண்டியைப் பார்த்தாள். பணத்தைக் கொடுத்துச் சாவியை வாங்கினால் போதும். திங்கட்கிழமை வேலை அவளுக்கு. அவர் ரகசியமும் இவள் ரகசியமும் அப்படியப்படியே இருக்கும். காளை வாயைப் பிளப்பான்.

வாங்காமல் போனால்? அடுத்த ஆஸ்பத்திரி நாள் எப்போது வருமோ? வேறு யாராவது வந்து வாங்குகிற வரைக்கும் இந்த அம்மா நாலுவழிச் சாலையில் எதை நம்பி ஓட்டுவாள்? வாங்கினால் அந்தப் பயமே இல்லை. ஆனால் அதற்காக இந்தக் கையிலிருந்து பிடுங்க வேண்டும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னாலோ, அவர் விற்பதற்குக் காரணமே போய்விடும். வண்டியும் போய்விடும்.

நான்கு வருடமாகத் தப்பான கேனை அவள் தெரிந்தே உள்ளே விட்டதில்லை.

"அம்மா, பெட்ரோல் போடும்போது ஆயில் எம்புட்டு ஊத்துவீங்க?"

"ஆயிலா? எதுக்கு?"

"இது டூ ஸ்ட்ரோக்கும்மா. லிட்டருக்கு இருவது மில்லி கலக்கணும். கலக்காம ஓட்டுனா ஓடிக்கிட்டு இருக்கும்போதே இன்ஜின் இறுகிரும், ஆளத் தூக்கிப் போட்ரும்."

"யார் சொன்னது? ரெண்டு வருசமா நான் ஒரு சொட்டு..."

ஹம்சவேணி நிறுத்தினாள். அவள் கண்கள் பலகைக்குப் போயின. குச்சி இருந்தது, கப் இருந்த இடம் காலி. மெதுவாகக் குச்சியை எடுத்துக் கோடுகளை விரலால் தடவினாள். பிறகு படுக்கையறை ஜன்னலருகே போய் நின்றாள்.

"தூங்கினது போதும். எந்திரிச்சு அந்த கப்பைக் கொண்டு வாங்க."

அவர் வந்தார். கப்பை நீட்டினார். அதன் பிறகு பேசியதெல்லாம் அவர்கள் மொழியில். பாண்டிமீனாவுக்கு ஒரு வார்த்தை விளங்கவில்லை. முதலில் அவள் குரல் உயர்ந்தது. அவர் இடுப்பைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார். அவள் அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். அப்புறம் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அவ்வளவுதான், வண்டி போச்சு என்று பாண்டிமீனா பையைத் தோளில் மாட்டினாள். "அப்ப நான் போயிட்டு வாரேம்மா."

"எங்க போற? நில்லு." ஹம்சவேணி சாவியை நீட்டினாள். "நீ எடுத்துக்கோ. இதைக் கிக் அடிச்சு அடிச்சு என் முட்டியே போச்சு. திருட்டுத்தனமா ஓட்ட வேண்டியிருந்துச்சேன்னு இதை ஓட்டினேன். இனிமே எனக்கு என்ன பயம்? செல்ஃப் ஸ்டார்ட்டோட புது ஸ்கூட்டி வேணும். இன்னைக்கே."

"இன்னைக்கேவா?" என்றார் லட்சுமிநாராயணன்.

"சிரிச்சீங்கள்ல?"

பணம் கை மாறியது; ஆர்சி புத்தகம், கையெழுத்துப் போட்ட படிவங்கள் எல்லாம் அவள் பையில் ஏறின. மருந்து கப்பையும் அவரே உள்ளே போட்டார். முதல் மிதியிலேயே வண்டி பிடித்துக்கொண்டது. திருமங்கலம் சாலையில் ஏறி கியர் மாற்றும்போதுதான் பாண்டிமீனாவுக்கு உறைத்தது. அந்த அம்மா தினம் எங்கே போய் வந்தாள் என்று கேட்கவே இல்லையே!

மீட்டரில் கண் வைத்தபடியே ஓட்டினாள். ஏழு. எட்டு. ஒன்பதாவது கிலோமீட்டர் முடிகிற இடத்தில் கோயில் இல்லை, வீடு இல்லை. இடதுபக்கம் வேப்பமரத்தடியில் ஒரு டீக்கடை, ஒரு பெஞ்ச், எதிரே வெட்டவெளி. அவள் ஓரங்கட்டினாள்.

டீ மாஸ்டர் கண்ணுச்சாமி முதுகைக் காட்டிக்கொண்டு டீ ஆற்றிக்கொண்டிருந்தார். படபடச் சத்தம் காதில் விழுந்ததும், திரும்பாமலே கேட்டார்:

"என்னம்மா, இன்னைக்கு ரெண்டாவது ரவுண்டா? அதே சீனி கம்மிதானா?"