கெட்டி, காலி

பள்ளிக்கூடச் சட்டை ஒன்றுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தபோது அவள் காதுக்குள் புதிதாக ஓர் ஆள் வந்து நின்றார். "யாரு இங்க மேஸ்திரி? இந்தத் தரை நீங்க போட்டதா?" என்று கேட்டார். அவள் தையல் மெஷினின் மிதியிலிருந்து காலை எடுத்தாள். அந்த ஆள் நின்றிருந்த இடத்துக்கு அவள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். இருந்தாலும் அவர் போட்டிருப்பது செருப்பா ஷூவா என்பது வரைக்கும் அவளுக்குத் தெரிந்தது. ஷூதான், அதுவும் புதுசு, அடிக்கொரு தடவை கீச்சிட்டது. புது ஷூ போட்டுக்கொண்டு கட்டட வேலை நடக்கும் இடத்துக்கு வருகிறவர் மேற்பார்வைக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டாள். அவள் கணக்கு பெரும்பாலும் தப்பாது. அது அவளுக்கும் தெரியும். அதனால் அந்த வீட்டில் மற்றவர்கள் யாரும் கணக்கே போடுவதில்லை.

அவள் காதில் இருந்தது கட்டைவிரலின் மேல்கணு அளவுக்கு ஒரு புளூடூத். அதே மாதிரி இன்னொன்று அவள் கணவர் காதில். அவர் டைல்ஸ் பதிக்கிற மேஸ்திரி. முன்பெல்லாம் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பேசுவார். ஒருநாள் அது வழுக்கி, குழைத்து வைத்திருந்த சிமெண்டுக்குள் விழுந்தது. எடுத்துக் கழுவி, துடைத்து, வெயிலில் காயவைத்து என்ன வைத்தியம் பார்த்தும் பிழைக்கவில்லை. புது போன் வாங்கிய கையோடு அவள்தான் இந்தக் காதுச் சமாச்சாரத்தையும் இரண்டாக வாங்கி வந்தாள். அன்றிலிருந்து காலை எட்டு மணிக்கு அவர் முட்டி போட்டு உட்கார்ந்ததும் அவளுக்குப் போன் போடுவார், சாப்பாட்டு நேரத்தில்தான் துண்டிப்பார். நடுவில் அவள் பேசுவாள், அவர் "ம்" என்பார். சரி என்கிற "ம்" ஒன்று, சரியில்லை ஆனால் சொல்ல மாட்டேன் என்கிற "ம்" ஒன்று, தூக்கம் வருகிற "ம்" ஒன்று என்று அவள் தினுசு தினுசாகப் பிரித்து வைத்திருந்தாள். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருந்தார்கள். உண்மையான ரேடியோ இங்கே உட்கார்ந்து சட்டை தைக்கிறது, அங்கே இருப்பது கேட்கிற ஆள் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

வெறும் அரட்டைக்காக மட்டும் அது ஓடவில்லை. டைல்ஸை வைத்ததும் ரப்பர் சுத்தியலால் நாலு மூலையிலும் நடுவிலும் தட்டிப் பார்க்க வேண்டும். அடியில் கலவை நிறைந்திருந்தால் கனத்த சத்தம் வரும். எங்காவது இடைவெளி விட்டிருந்தால் சத்தம் ஒரு நூல் லேசாகும். அந்த ஒரு நூல்தான் மேஸ்திரிக்கு மேஸ்திரி வித்தியாசம். பதினெட்டு வருஷம் டைல்ஸ் வெட்டும் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்ததில் அவர் காது அந்த ஒரு நூலைத் தவறவிட ஆரம்பித்திருந்தது. பேசினால் கேட்கும், கூப்பிட்டால் திரும்புவார், இது மட்டும் பிடிபடாது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, அவளிடமும்தான். அவளாகக் கண்டுபிடித்தாள். ஒருநாள் எதையோ சொல்லிக்கொண்டிருந்தவள் பேச்சை நிறுத்தி, இப்போது தட்டினீர்களே, அது காலியாக இருக்கிறது என்றாள். அவர் பெயர்த்துப் பார்த்தார். காலிதான். அதற்கப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. அவர் தட்டுவார், அவள் கெட்டி என்பாள் அல்லது காலி என்பாள், பிறகு விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்வாள். ஒருமுறை அவள் தம்பி மாமாவுக்கென்று உசத்தியான புளூடூத் ஒன்று கொண்டுவந்து கொடுத்தான். சுற்றுப்புற இரைச்சலை எல்லாம் வடிகட்டிவிடுமாம். அது சுத்தியல் சத்தத்தையும் சேர்த்து வடிகட்டிவிட்டது. இரண்டே நாளில் உசத்தி பீரோவுக்குள் போயிற்று, மட்டரகம் காதுக்குத் திரும்பியது.

ஷூக்காரர், அவள் நினைத்தபடியே, அந்தக் கட்டடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் இன்ஜினியர். குரலை வைத்துப் பார்த்தால் முப்பது வயதைத் தாண்டியிருக்க மாட்டார். அவர் அதட்டிப் பேசவில்லை. அதுதான் அவளுக்குக் கவலையாக இருந்தது, அதட்டுகிறவர்களை எப்படியாவது சமாளித்துவிடலாம். வாசல் பக்கம் இரும்பு அலமாரியை இழுத்தபோது ஒரு டைல்ஸ் விரிசல் விட்டிருக்கிறது என்றார். அடியில் கலவை சரியாக இல்லாததுதான் காரணம் என்றார். ஹால் முழுக்கத் தட்டிப் பார்த்துவிடலாம், ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லை, அதற்குமேல் போனால் மேலே இருக்கிற மூன்று மாடியையும் வேறு ஆட்களிடம் கொடுக்கச் சொல்லித்தான் எழுத வேண்டியிருக்கும் என்று மெதுவாகச் சொல்லி முடித்தார். மூன்று மாடி என்றால் ஒரு வருஷத்துக்கு வேலை தேடி அலைய வேண்டாம். போன வருஷம் நாலு மாதம் அவர் வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். ஒரு வார்த்தை புலம்பவில்லை. ஆனால் நன்றாக இருந்த குளியலறைத் தரையைப் பெயர்த்துவிட்டு மறுபடி அதையே பதித்தார். அந்த நாலு மாதத்தை இன்னொரு தடவை பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

"தட்டுங்க. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அந்த ஹாலை அவள் பார்த்ததில்லை. ஆனால் வரிசை வரிசையாக அவளுக்கு அத்துப்படி. முதல் வரிசை போட்டபோது மகளுடைய கணக்குப் பரீட்சையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். இரண்டாவது வரிசை, பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர் மோட்டாரை அணைக்க மறந்துவிட்டுக் கடைக்குப் போன கதை. அது மூன்றாவது வரிசையிலும் பாதி வரை ஓடியது. அவர் தட்டத் தட்ட அவள் கெட்டி, கெட்டி என்று சொல்லிக்கொண்டே போனாள். அவர் அதையே வெளியில் சொன்னார். அவளுக்குக் கொஞ்சம் மிதப்பாகக்கூட இருந்தது. ஊசியில் நூல் அறுந்திருந்ததைப் பார்த்து, கேட்டுக்கொண்டே கோத்தும் முடித்தாள்.

நாலாவது வரிசை வாசலை ஒட்டி ஆரம்பித்தது. விரிசல் விட்ட டைல்ஸும் அதில்தான் இருந்தது. அதற்கு அடுத்ததில் சுத்தியல் விழுந்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. காலி. சந்தேகமே இல்லாத காலி. அது எந்த நாள் பதித்தது என்பதும் கூடவே ஞாபகம் வந்துவிட்டது.

அதற்கு முந்தைய நாள் அவர்கள் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தார்கள். அவள் தைத்துக் கொடுத்த சட்டையை நாலு பேர் முன்னால் தூக்கிப் பிடித்து, காலர் ஒரு பக்கமாக இழுக்கிறது என்றாள் நாத்தனார். காலர் இழுக்கவில்லை. அதைப் போட்டுக்கொள்கிற நாத்தனார் வீட்டுக்காரரின் கழுத்துதான் பிறவியிலிருந்தே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அங்கிருந்த எல்லாருக்கும் அது தெரியும். அதைச் சொல்ல வேண்டாம், என் பொண்டாட்டி தையலில் குறை இருக்காது என்று ஒரே ஒரு வார்த்தை அவள் கணவர் சொல்லியிருக்கலாம். அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலை எட்டு மணிக்குப் போன் வந்ததும் அவள் பிடித்துக்கொண்டாள். மதியம் வரை விடவில்லை. உங்களுக்கு வாய் எதற்கு இருக்கிறது என்று ஆரம்பித்து, கல்யாணமான புதிதில் நடந்தது வரை ஒன்று விடாமல் எடுத்துப் போட்டாள். நடுநடுவே அவர் தட்டியது அவளுக்குக் கேட்கத்தான் செய்தது. ஆனால் அன்றைக்கு அவள் காது முழுக்க அவள் குரலேதான் இருந்தது. அவர் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டு ஒரு நொடி நின்றிருப்பார். அவள் மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போயிருப்பாள். காலி என்று சொல்லவில்லையே என்று அவரும் அடுத்ததற்கு நகர்ந்திருப்பார். அப்படி எத்தனை டைல்ஸ் என்று அவளுக்குத் தெரியாது. எவ்வளவு நேரம் பேசினாள் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

"கெட்டி" என்றாள், கொஞ்சம் தாமதமாக. "கெட்டிதான், அடுத்ததுக்குப் போங்க."

அவர் போகவில்லை. அதே டைல்ஸை மறுபடியும் தட்டினார். அவள் இந்தத் தடவை சட்டென்று கெட்டி என்றாள். அவர் அதை வெளியில் சொல்லவில்லை. பதினாறு வருஷமாக அவருடைய "ம்" ஒவ்வொன்றையும் அவள் பிரித்து வைத்திருந்தாளே தவிர, அவரும் அவள் குரலைப் பிரித்து வைத்திருக்கக்கூடும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. என்ன மேஸ்திரி, பதிலுக்கு யாரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று இன்ஜினியர் கேட்டார். சுத்தியலைக் கீழே வைக்கும் சத்தம் வந்தது.

"என் காது மந்தங்க. மெஷின் சத்தத்துல போயிடுச்சு" என்றார் அவள் கணவர். "என் வீட்டுக்காரிதான் வீட்லருந்து கேட்டுச் சொல்லுவா. ஆறு வருஷமா அவ சொல்லித்தான் பதிக்கிறேன். அவ வேலைல குறை இருக்காது. நீங்களே கேட்டுப் பாருங்க."

அவர் ஒரேயடியாக அவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. மூடி மறைத்து வைத்திருந்ததை நடு ஹாலில் போட்டு உடைத்துவிட்டாரே என்று முதலில் பதறினாள். காது மந்தமான மேஸ்திரியை நம்பி மூன்று மாடியை யார் கொடுப்பார்கள்? அந்தப் பதற்றம் அடங்குவதற்குள் அவர் சொன்னதில் மிச்சம் இருந்தது அவளுக்கு உறைத்தது. அவ வேலைல குறை இருக்காது. நாத்தனார் வீட்டில் வராத வார்த்தை இங்கே, முன்பின் தெரியாத ஆளிடம், யாரும் கேட்காமலே வந்து விழுந்திருக்கிறது. அதுவும் அவள் வாய்கூசாமல் பொய் சொல்லி அரை நிமிஷம் ஆகவில்லை. பொய் என்று தெரிந்து சொன்னாரா, தெரியாமல்தான் சொன்னாரா? அவளுக்கு அழுகை வந்தது. அந்த மனுஷனைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, நறுக்கென்று குட்ட வேண்டும் போலவும் இருந்தது.

காதுக்குள் கரமுரவென்று ஏதோ உரசியது. புளூடூத்தைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைக்கிறார்கள். சிமெண்டுத் தூசி படிந்ததை அப்படியே காதில் வைத்துக்கொள்வாரா புது ஷூக்காரர். பிறகு பழக்கமில்லாத மூச்சு ஒன்று மிக அருகில் வந்தது. அவள் தன்னையறியாமல் கழுத்தில் கிடந்த அளவு டேப்பைக் கழற்றி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். வணக்கம்மா, கேட்கிறதா என்றார் இன்ஜினியர். கேட்கிறது என்றாள். அவர் தட்டினார். சுத்தியல் பிடித்துப் பழகாத கை, ஆனாலும் சத்தம் அதே சத்தம்தான். உண்மையைச் சொல்லப் போனால் எனக்கு எல்லாமே ஒரே மாதிரிதான் கேட்கிறது, நீங்கள் சொல்வதை வைத்துத்தான் நான் எழுத வேண்டும் என்றார் அவர்.

கெட்டி என்று சொன்னால் கெட்டி. மூன்று மாடியும் வந்துவிடும். இல்லை என்று சொல்ல அந்த ஹாலில் யாருமில்லை, ஒருவரைத் தவிர. அவர் சொல்ல மாட்டார். வீட்டுக்கு வந்து கைகால் கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருவார், எதையும் கேட்க மாட்டார், அவளும் தட்டைப் பார்த்துக்கொண்டு பரிமாறுவாள்.

"காலிங்க சார்" என்றாள். "அந்த வரிசை பூரா தட்டிடுங்க. அதுக்கு அடுத்த வரிசையையும் விடாதீங்க. அவர் மேல தப்பு இல்ல. அன்னைக்கு நான் அவரோட சண்டை போட்டுட்டு இருந்தேன், காது குடுக்கல."



"எத்தனை நாள் சண்டை போட்டீங்க?"

"ஒரு நாள்தாங்க. அதுவும் மதியம் வரைக்கும்தான்."

இன்ஜினியர் சிரித்தாரா, தொண்டையைக் கனைத்தாரா என்று தெரியவில்லை. தட்ட ஆரம்பித்தார். அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். சுத்தியலை இறுக்கிப் பிடிக்காதீர்கள், விழுகிறபடி விடுங்கள் என்று நடுவில் ஒருமுறை திருத்தவும் செய்தாள். அவர் அதன்படியே செய்தார், சத்தம் இன்னும் நன்றாக வந்தது. நாலாவது வரிசையில் விரிசல் விட்டதையும் சேர்த்து ஐந்து காலி. அடுத்த வரிசையில் இரண்டு. அதற்கப்புறம் எதிர்ச் சுவர் போய் முட்டுகிற வரைக்கும் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு "கெட்டி"யையும் அவள் தைரியமாகச் சொன்னாள், அதில் ஒரு சொட்டுப் பொய் இல்லை. ஆனால் ஒன்றிரண்டு என்று அவர் சொல்லியிருந்தார், ஏழு ஆகியிருந்தது.

சரிம்மா என்றார் இன்ஜினியர். அது எந்தத் தினுசுச் "சரி" என்று அவளால் பிரிக்க முடியவில்லை, அவரோடு அவளுக்குப் பழக்கம் போதாது. புளூடூத்தைக் கழற்றிக் கொடுப்பார் என்று காத்திருந்தாள். மறந்துவிட்டாரோ என்னவோ, கொடுக்கவில்லை. ஷூ நடந்தது. பிறகு சத்தம் மாறியது. படி. மேலே ஏறுகிறார். அவளுக்குத் திக்கென்றது, போன் இருப்பது கணவருடைய சட்டைப் பையில். அதை விட்டுத் தள்ளிப் போகப் போக இந்த மட்டரகம் கரகரக்க ஆரம்பிக்கும், இன்னும் கொஞ்சம் போனால் அறுந்தே போகும். கரகரக்க ஆரம்பித்தது. மூச்சு விட்டுவிட்டு வந்தது. அவர் திரும்பி யாரிடமோ ஏதோ சொன்னார், அதில் அரை வார்த்தைகூடத் தேறவில்லை. அவள் வைத்து முடிக்காத காலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கரகரப்பு கூடிக் கூடிக் கடைசியில் வெறும் இரைச்சலாகிவிட்டது.

பிறகு அது குறைந்தது. முதலில் மூச்சு தெளிந்தது, அப்புறம் ஷூ, அப்புறம் இன்னும் தரை போடாத பெரிய வெற்று மாடியின் எதிரொலி. அதற்குப் பின்னால், படியில், அவளுக்குப் பழகிய, அவசரப்படாத இன்னொரு காலடி ஏறி வந்துகொண்டிருந்தது.