புறங்கையில் தெரிந்த சூடு

டெல்ஃபின் நோஸ்கியே வலக்கை உறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, புறங்கையைச் சாம்பலுக்குள் விட்டாள். சில்லென்றிருந்தது. இரண்டடி முன்னால் நகர்ந்து மறுபடி விட்டாள். தீயணைப்புக் குழுவில் பதினோரு வருஷமாக அவள் பார்க்கிற வேலை இதுதான். ஹெலிகாப்டரில் பறந்து எந்தக் கருவியை வைத்துப் பார்த்தாலும், தீ செத்துவிட்டது என்று சொல்லக் கடைசியில் மண்டியிட்டுத் தொட்டுப் பார்க்கிற ஒரு கை வேண்டும்.

இந்தத் தடவை தொடுவது சொந்த ஊர் மண்ணை. கனடாவின் பூர்வகுடிகளான க்ரீ மக்களின் அந்த ஏரிக்கரை ஊரை, காட்டுத்தீ நெருங்கியதால், மே மாதக் கடைசியில் மொத்தமாகக் காலி செய்தார்கள். இன்று ஆகஸ்ட் இருபத்தெட்டு. ஊருக்குப் பின்னாலிருக்கும் பாசிச் சதுப்பில் இந்த ஒரு துண்டுதான் பாக்கி. இதுவும் குளிர்ந்துவிட்டதென்று அவள் சொல்லிவிட்டால் நாளைக்கே எட்மன்டன் நகரத்திலிருந்து ஊர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு பஸ்கள் கிளம்பிவிடும்.

அவள் புருஷன் அம்ப்ரோஸுக்கு நகரத்தில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்திருந்தது. பள்ளி திறப்பதற்குள் ஊருக்குள் விட்டால் வந்துவிடுவதாகவும், இல்லையென்றால் மகள் ரொஸானை அங்கேயே சேர்த்துவிட்டு வீடு பார்க்கப் போவதாகவும் சொல்லியிருந்தான். அவன் குரலில் சண்டையே இல்லை. இடம் பிடித்துப்போனவனின் நிம்மதி இருந்தது. தூக்கத்தில் மேலே கால் போடும் மகள் பக்கத்தில் இல்லாமல் மூன்று மாதமாக அவளுக்குச் சரியான தூக்கமில்லை. அந்தக் கனத்துக்கு உடம்பு ஏங்கியது.

யாரை நொந்துகொள்வது? சதுப்பு இருக்கிறதென்று ஊருக்கு அப்படியொரு மிதப்பு. மூன்று பக்கமும் மரங்களை வெட்டித் தீக்கு இடைவெளி விட்டவர்கள், நான்காவது பக்கத்தைச் சதுப்பின் பொறுப்பில் விட்டுவிட்டார்கள். கால் வைத்தால் முழங்கால் வரை நனைகிற இடத்தில் தீக்கு என்ன வேலை? புல்டோசரோடு வந்தவனை அப்படிச் சொல்லித் திருப்பி அனுப்பியதே டெல்ஃபின்தான். மூன்று வருஷமாகப் பனியும் குறைந்து, மழையும் பொய்த்து, தண்ணீர் இடுப்பளவு கீழே போயிருந்தது. தினமும் அந்த வழியாகப் போனவர்கள் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. மேலே பாசி மொரமொரவென்று காய்ந்து கிடந்தது. அடியில், ஆயிரக்கணக்கான வருஷத்துப் பாசி மக்கி, ஈரமற்று, நல்ல விறகாகிக் காத்திருந்தது. வந்த தீ உள்ளே இறங்கிக் குடித்தனமே நடத்திவிட்டது.

தொட்டுப் பார்க்கவேண்டிய எல்லைக்கு அடையாளமாகக் கட்டிய கடைசி ரிப்பனுக்குப் பக்கத்தில், சாய்ந்த ஸ்ப்ரூஸ் மரத்தின் வேரடியில், கை வெதுவெதுத்தது.

பக்கத்து வரிசையில் அவளைப்போலவே தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்த சித்தி மகன் நார்பெர்ட் அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான். அவன் பெண்டாட்டி பிள்ளைகளும் எட்மன்டன் விடுதியில்தான் கிடக்கிறார்கள்.

"வெயில் சூடுக்கா அது. காலைலேருந்து அடிக்குதுல்ல."

"வேரு நிழல்ல இருக்குடா."

"நீ ஒருத்திதான் தொட்டுப் பாத்த. நான் ஒண்ணும் பாக்கல."

அவனை நம்பிவிட எவ்வளவு ஆசையாக இருந்தது. மண்வெட்டியால் ஒரு வெட்டு, இரண்டு வெட்டு, மண் குளிர்ச்சியாகவே வந்தது. மூன்றாவதில் வெள்ளைச் சாம்பல் சரிந்தது. உள்ளே விட்ட கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். மூடிவிட்டு எழுந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? பனி விழுந்தால் அணைந்துவிடாதா? அணையாது. குளிர்காலம் முழுக்கப் பனிக்கடியில் கிடந்துவிட்டு ஏப்ரலில் எழுந்த தீயை அவளே போய் அணைத்திருக்கிறாள். இந்த வேரிலிருந்து வீட்டில் ரொஸான் படுக்கும் கட்டில் நானூறு அடிகூட இருக்காது.

வாக்கி டாக்கியில், சூடு இருக்கிறது, பஸ்களை நிறுத்துங்கள் என்றாள். நார்பெர்ட் தண்ணீர்க் குழாயை இழுத்துவரப் போனான். அவள் அம்ப்ரோஸுக்குப் போன் போட்டாள். எத்தனை நாளாகும் என்று கேட்டான். தெரியாது, நல்ல மழை வேண்டும் என்றாள்.

"அப்ப, புள்ளைய இங்கயே சேத்துடவா?"

பொறு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"சேத்துடு."

ரொஸானிடம் கொடுக்கட்டுமா, பக்கத்தில்தான் நிற்கிறாள் என்றான்.

"வேணாம்," என்றாள் டெல்ஃபின். "அவ கொரலக் கேட்டா வரச் சொல்லிருவேன்."